நாணயத்தின் நாணயம்

கடைவீதியில் நாணயம் என்றால் காசு. மனிதரைப் பற்றிப் பேசும்போது நாணயம் என்றால் நேர்மை. பையில் நாணயம் இல்லாதவனைக் கண்டு இரங்குகிறோம்; பேச்சில் நாணயம் இல்லாதவனைக் கண்டு விலகுகிறோம். உலோகத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது நமது பேச்சு வழக்கு. பொருளற்ற பொருத்தமா அது? இல்லை. காசு என்பது வெறும் தகடு அன்று. அது ஒரு வாக்கு. "இன்று உன் உழைப்பைக் கொடு, நாளை இதைக் காட்டினால் ஊரார் உனக்கு அரிசி கொடுப்பர், துணி கொடுப்பர்" என்று தகட்டின்மீது பொறிக்கப்பட்ட வாக்கு. வாக்குப் பொய்த்தால் காசு செல்லாக்காசு!

அந்த வாக்கைக் கொடுக்கும் உரிமை எவருக்கு உண்டு? கோட்டையிலே கொலுவிருப்போர்க்கு மட்டுந்தானா? தனி மனிதன் ஒருவன், தன் பட்டறையில், தன் முத்திரையோடு காசு அடித்து, "இதுவும் பணம்தான், விருப்பமுள்ளோர் வாங்குக" என்றால், அவன் குற்றவாளியா, உரிமை வீரனா? அரசின் காசைப் போலவே போலிக்காசு அடிக்கும் கள்ளனைப் பற்றி நாம் பேசவில்லை. அவன் திருடன், அதில் ஐயமில்லை. சொந்தப் பெயரில் சொந்தக் காசு அடிப்பவனைப் பற்றியே கேட்கிறோம். சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ஆனால், சட்டம் சொன்னதெல்லாம் அறம் என்று கைகட்டி நிற்பது பகுத்தறிவாளர் வழக்கமன்று. ஆகவே அறத்தையும் கேட்போம்.

அமெரிக்காவில் பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் என்றொருவர். 1998இல் 'லிபர்ட்டி டாலர்', அதாவது 'விடுதலை டாலர்' என்ற பெயரில் வெள்ளிக்காசு வெளியிடத் தொடங்கினார். அவர் கூறிய காரணம் எளிது. மைய வங்கி வெளியிடும் தாளுக்குப் பின்னால் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. தாள் பெருகப் பெருக அதன் மதிப்புத் தேய்கிறது. உழைத்துச் சேர்த்தவன் கண்ணெதிரிலேயே ஏமாறுகிறான். எனவே ஒரு அவுன்சு வெள்ளியையே காசாக்கித் தருகிறேன் என்றார். இடஹோ மாநிலத்து நாணயச்சாலை ஒன்றில் காசுகள் அடிக்கப்பட்டன. இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரில் அலுவலகம் நடந்தது. காசோடு, கிடங்கில் வெள்ளி இருக்கிறது என்று சான்று கூறும் தாள்களும் வெளிவந்தன.

2006 செப்டம்பரில், இக்காசுகளைப் பணமாகப் புழங்குவது குற்றம் என்று அமெரிக்க அரசின் நாணயச்சாலை எச்சரித்தது. 2007 நவம்பரில் கூட்டரசின் புலனாய்வுத் துறையினர் எவன்ஸ்வில் அலுவலகத்தில் நுழைந்து, ஏறத்தாழ இரண்டு டன் காசுகளை அள்ளிச் சென்றனர். 2011 மார்ச்சில், வட கரோலினா மாநிலத்து ஸ்டேட்ஸ்வில் நகரில், நடுவர் குழு நாட்ஹவுஸ் குற்றவாளி என்றது. அவர் செயலை உள்நாட்டுப் பயங்கரவாதத்தின் ஒரு வகை என்றே வருணித்தார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். 2014 திசம்பரில் தண்டனை வந்தது: ஆறு மாத வீட்டுக்காவல், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.

பயங்கரவாதம் என்றார்கள்; முடிவில் வீட்டுக்காவல் என்றார்கள்! இடிமுழக்கம் பெரிது, மழையோ தூறல். அரசுத் தரப்பின் சொல்லுக்கும் நீதிமன்றத்தின் தண்டனைக்கும் இடையே இத்தனை இடைவெளி இருக்குமானால், இந்த வழக்கின் உள்ளே தெளிவுபடாத கேள்வி ஒன்று இருக்கிறது என்று பொருள். அதைத் தேடுமுன், இருதரப்பாரும் வணங்கும் இரண்டு உருவங்களை முதலில் உடைத்தாக வேண்டும்.

முதல் உருவம் உலோகம். தாளில் மதிப்பில்லை, வெள்ளியில்தான் மதிப்பு உறைந்து கிடக்கிறது என்பது நாட்ஹவுஸ் கூட்டத்தாரின் நம்பிக்கை. உண்மையா? அவர் தொடங்கிய காலத்தில் ஓர் அவுன்சு வெள்ளியின் சந்தை விலை 5, 6 டாலர் அளவில் இருந்தது. காசின்மீது அவர் பொறித்ததோ 10 டாலர். பின்னர் வெள்ளி விலை ஏறியதும் அதே எடைக்காசில் 20 என்று பொறித்தார். அவரைக் குற்றவாளி என்று நடுவர் குழு கூறிய 2011 மார்ச்சில் வெள்ளி 35 டாலர் அளவுக்கு ஏறியிருந்தது. 20 டாலர்க் காசு வைத்திருந்தவனுக்கு அன்று இலாபம்! "ஏமாந்தவர் யார்?" என்று அவர் அன்பர்கள் எக்காளமிட முடிந்தது. தண்டனை வழங்கப்பட்ட 2014 திசம்பரில் அதே வெள்ளி 16 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே காசு, அதே எடை, அதே மினுக்கு. தீர்ப்பின்போது இலாபம், தண்டனையின்போது நட்டம். வெள்ளிக்குள்ளே மதிப்பு குடியிருந்தது என்றால், இடையில் எந்த ஊருக்குப் போயிருந்தது? கல்லுக்குள் தெய்வம் குடியிருக்கிறது என்பதற்கும், தகட்டுக்குள் மதிப்பு குடியிருக்கிறது என்பதற்கும் வேறுபாடு பெரிதில்லை, தோழர்களே!

இரண்டாவது உருவம் முத்திரை. பணம் என்பது பிறப்பிலேயே அரசுக்கு உரியது. அதில் பிறர் கைவைப்பது பாவம் என்பது ஆட்சியாளரின் வேதம். அதுவும் பொய். அமெரிக்க அரசியல் சட்டம் காசு அடிக்கும் அதிகாரத்தைப் பேராயத்துக்கு வழங்குகிறது. மாநிலங்கள் காசு அடிக்கலாகாது என்று தடுக்கிறது. தனி மனிதரைப் பற்றி அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. நாட்ஹவுஸ் குற்றவாளிக் கூண்டில் நின்ற அதே வட கரோலினாவில், ரதர்ஃபோர்டன் என்னும் ஊரில், கிறிஸ்டபர் பெக்ட்லர் என்ற செருமானியக் குடியேறி 1831 முதல் பொற்காசு அடித்தார். சுற்று வட்டாரத்துச் சுரங்கப் பொன் காசாகிப் புழங்கியது. அரசு தன் ஒரு டாலர்ப் பொற்காசை வெளியிட்டது 1849இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெக்ட்லர் குடும்பம் அதை வெளியிட்டிருந்தது. அன்று அவர் கைத்தொழிலாளர். எவரும் அவரைப் பயங்கரவாதி என்று பழிக்கவில்லை. தனியார் காசைத் தடுக்கும் சட்டம் 1864இல், உள்நாட்டுப் போரின் நடுவே வந்தது.

அந்தச் சட்டத்தின் வழிவந்த விதியைப் படித்தால் வியப்பு மிகும். அரசின் காசைப் போல இருந்தாலும் சரி, முற்றிலும் புதிய வடிவில் இருந்தாலும் சரி, பணமாகப் புழங்கவென்று உலோகக் காசு அடிப்பது குற்றம் என்கிறது அது. தாளுக்கு அந்தக் கடுமை இல்லை. நியூயார்க் மாநிலத்து இத்தாகா நகரில் 1991இல் 'இத்தாகா அவர்ஸ்' என்ற பெயரில் ஊர்ப்பணம் தாளில் அச்சிடப்பட்டது. ஒரு தாள் ஒரு மணிநேர உழைப்பு, அதன் மதிப்பு 10 டாலர் என்று கணக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2006 முதல் 'பெர்க்ஷேர்ஸ்' என்ற தாள் வெளிவந்தது. உள்ளூர் வங்கிகளே அதை மாற்றிக் கொடுத்தன. இவர்களை எந்தக் காவலரும் தேடவில்லை. டாலரைப்போல் தோற்றம் தராதவரை, வருமானத்துக்கு வரி கட்டும்வரை, தாள் குற்றமில்லை, தகடு குற்றம்! அறம் இப்படியா பொருளுக்குப் பொருள் மாறும்? ஆகவே சட்டநூலைப் புரட்டி அறத்தைக் கண்டுபிடிக்க இயலாது. வேறிடத்தில் தேடவேண்டும். அமெரிக்காவை விட்டுச் சிறிது நேரம் ஆஸ்திரியாவுக்குச் செல்வோம்.

1932. உலகப் பொருளாதார முடக்கம். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வோர்கல் என்றொரு சிற்றூர். சுமார் நாலாயிரம் மக்கள். ஆலைகள் அடைபட்டன; வேலையற்றோர் பெருகினர்; வரி கட்ட வழியின்றி ஊராட்சியின் பெட்டியும் காலி. மேயர் மைக்கேல் உன்டர்குகன்பெர்கர், இரயில்வேத் தொழிலாளியாக இருந்து உயர்ந்தவர், ஒரு வழி கண்டார். 'வேலைச் சான்று' என்ற பெயரில் ஊராட்சியே தாள்களை வெளியிட்டது. சாலை போட்டவனுக்கும் பாலம் கட்டியவனுக்கும் அதில் கூலி. கடைக்காரர்கள் வாங்கினார்கள்; ஏன்? ஊராட்சி அதையே வரியாகத் திரும்ப வாங்கிக்கொண்டது! வெளியிட்ட தாளுக்கு ஈடாக அரசுப் பணம் வங்கியில் வைக்கப்பட்டிருந்தது. தாளைப் பூட்டி வைத்தால் மாதம் ஒரு விழுக்காடு மதிப்புக் குறையும். குறைந்ததை முத்திரைத் தலை ஒட்டி ஈடுசெய்யவேண்டும். சில்வியோ கெசல் என்ற சிந்தனையாளரின் கருத்து அது. பதுக்கினால் தேயும், கொடுத்தால் வாழும் என்பதால் தாள் கைக்குக் கை ஓடியது. பெருநகரங்களில் வேலையின்மை வளர்ந்துகொண்டிருந்தபோது, இந்தச் சிற்றூரில் சாலைகள் செப்பனிடப்பட்டன. மற்ற ஊர்களும் பின்பற்ற முனைந்தன. மைய வங்கி விழித்தெழுந்தது. நோட்டு வெளியிடும் தனியுரிமை தனக்கே என்றது. 1933 செப்டம்பரில் வேலைச் சான்று நிறுத்தப்பட்டது. மேல்முறையீடும் தோற்றது.

சட்டம் வென்றது, சாலை போட்டவன் தோற்றான். இதைப் படிக்கும் எந்த இளைஞனும், "தனியார் பணம் வாழ்க! அரசின் தனியுரிமை ஒழிக!" என்று முழங்கத் துடிப்பான். பொறுங்கள். ஏட்டின் மறுபக்கத்தையும் படிக்கவேண்டும். அது கரி படிந்த பக்கம்.

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, தொழிலாளிக்குக் கூலியாகக் கிடைத்தது பல இடங்களில் டாலர் அன்று; கம்பெனியின் வில்லை. வட்டத் தகடு, நடுவே துளை, மேலே கம்பெனியின் பெயர். அதைக் கம்பெனிக் கடையில் மட்டுமே செலவிடலாம். வெளியே கொடுத்து டாலர் கேட்டால் மதிப்பில் ஒரு பகுதி வெட்டு. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, விலை கம்பெனி வைத்தது, இப்போது பணமும் கம்பெனியுடையது! உழைத்தவன் கையில் எஞ்சியது என்ன? துளை! இந்தக் கொடுமையைத் தடுக்கப் பென்சில்வேனியா மாநிலம் சட்டம் செய்தது. 1886இல் அம்மாநிலத்து உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. காரணம் என்ன தெரியுமா? தொழிலாளி தன் கூலியை எந்த வடிவில் வாங்குவது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையை அது பறிக்கிறதாம். அவனை அறியாச் சிறுவனாக்கி இழிவுபடுத்துகிறதாம்! பசித்த வயிற்றின் முன்னே 'உரிமை' என்ற சொல் எத்தனை அழகாக ஆடுகிறது பாருங்கள்! வில்லையைக் காசாக மாற்றித் தரவேண்டும் என்ற டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று நாட்டின் உச்சநீதிமன்றம் கூற 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது பழங்கதை என்று எண்ணவேண்டா. 2008இல் மெக்சிகோ நாட்டின் உச்சநீதிமன்றம், வால்மார்ட் கிளைநிறுவனம் தன் தொழிலாளர் ஊதியத்தின் ஒரு பகுதியைத் தன் கடைகளில் மட்டுமே செல்லும் சீட்டாக வழங்கியது அரசியல் சட்டத்துக்குப் புறம்பு என்று தீர்ப்பளித்தது. வில்லை சீட்டாகும், சீட்டு நாளைக்குத் தொலைபேசித் திரையில் எண்ணாகும். வடிவம் மாறும், வலை மாறாது.

வோர்கல் தாளும் தனி வெளியீடு. சுரங்க வில்லையும் தனி வெளியீடு. ஒன்று ஊரை எழுப்பியது. மற்றொன்று ஊழியனை அமுக்கியது. எனவே 'யார் வெளியிட்டார்' என்ற கேள்வி மட்டும் போதாது. மூன்று கேள்விகள் கேட்கவேண்டும் என்கிறோம் நாம்.

முதற்கேள்வி: வாங்குகிறவன் அறிந்து வாங்குகிறானா? தன் கைக்கு வருவது இன்ன பொருள், இன்னார் வாக்கு, இன்ன மதிப்பு என்பது அவனுக்குத் தெரியுமா?

இரண்டாம் கேள்வி: வேண்டா என்று மறுக்க அவனால் முடியுமா? ஏட்டில் மறுக்கலாம் என்றிருப்பது போதாது. மறுத்தால் அடுத்த வேளை உலை கொதிக்குமா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாம் கேள்வி: வாக்குப் பொய்த்தால் யாரிடம் போய்க் கேட்பான்? வெளியிட்டவனே அதைத் திரும்ப வாங்குவானா? கணக்குக் காட்டுவானா?

வோர்கல் தாளை நிறுத்திப் பாருங்கள். ஊராட்சி மன்றத்தில் வெளிப்படையாக முடிவெடுத்தார்கள், தேய்மானம் எல்லோருக்கும் தெரியும், வரியாகத் திரும்பச் செலுத்தலாம், ஈடும் இருந்தது. வேறு வேலை கிடைக்காத காலத்தில் அங்கும் கூலிக்காரனின் மறுக்கும் உரிமை மெலிந்தே இருந்தது என்று நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் முதற்கேள்வியிலும் மூன்றாம் கேள்வியிலும் அது நிமிர்ந்து நிற்கிறது. சுரங்க வில்லையோ இரண்டாம் கேள்வியிலேயே விழுந்தது. மூன்றாம் கேள்வியில் புதைந்தது.

நாட்ஹவுஸ் காசு? இங்கேதான் கவனம் வேண்டும். வெள்ளியை வெள்ளி என்று விற்றால் எவருக்கும் தீங்கில்லை. தம் காசில் தொலைபேசி எண்ணைக்கூட அவர் பொறித்திருந்தார். ஒளிந்து வாழ்ந்த கள்ளன் அல்லர். ஆனால் அதே காசில் டாலர்க் குறி இருந்தது. நாட்டின் பெயர்ச் சுருக்கம் இருந்தது. விடுதலை மங்கையின் தலை இருந்தது. அரசின் காசு 'கடவுளை நம்புகிறோம்' என்றால், இவர் காசு 'கடவுளை நம்பு' என்றது! இரண்டிலும் கடவுள் பிணை நிற்கிறார். எந்தக் கடைக்காரனும் அந்தப் பிணையை நம்பி மிச்சம் கொடுத்ததில்லை. இத்தனை ஒப்புமையையும் வைத்து, கடைகளில் இதை மிச்சச் சில்லறையாகக் கொடுங்கள் என்று ஊக்கினார்கள். தத்துவம் தெரிந்து விரும்பி வாங்கிய அன்பன் வேறு. மாலை வேளையில், கூட்டத்தின் நடுவே, ரொட்டி வாங்கிவிட்டு மிச்சத்தை எண்ணாமல் பைக்குள் போடும் கிழவி வேறு. அவளுக்கு எவர் தத்துவம் சொன்னார்? 5, 6 டாலர் வெள்ளி 10 டாலராக அவள் கைக்கு வந்தபோது, அந்த இடைவெளி எவர் பைக்குப் போயிற்று? விடுதலையின் பெயரால் வந்த காசு, வாங்குகிறவளின் விடுதலையை முதலில் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேளாததே அதன் குற்றம். அரசின் தனியுரிமையை மீறியது குற்றமன்று என்போம். அறியாதவர் கையில் திணிக்க வழி செய்தது குற்றம் என்போம். இதற்குப் பயங்கரவாதம் என்று பெயரிடவேண்டா. நாணயக்கேடு என்ற நல்ல தமிழ்ச் சொல்லே போதும்.

இதே மூன்று கேள்விகளை அரசின் பணத்தின் முன்னும் வைக்காவிட்டால், நமது அளவுகோல் நாணயமற்றதாகிவிடும். நம் நாட்டில், உலோகத் துண்டுகளைத் தனியார் பணமாக வெளியிடுவதை 1889இலேயே ஆங்கில ஆட்சி சட்டமிட்டுத் தடுத்தது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அந்தத் தடையைத் தொடர்கிறது. கூலியைச் செல்லும் பணமாகவே கொடுக்கவேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம் விதித்தது. இரண்டாவது சட்டம் ஏழையின் கவசம். அதை நாம் வாழ்த்துகிறோம். சில்லறை இல்லை என்று கூறி மிட்டாயைக் கையில் திணிக்கும் கடைக்காரரிடம், அதே மிட்டாயை மறுநாள் விலையாகக் கொடுத்துப் பாருங்கள், வாங்கமாட்டார். கொடுத்தவனே திரும்ப வாங்காத காசு எத்தகையது என்பது அப்போது விளங்கும்.

ஆனால் 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு நடந்தது என்ன? 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லா என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அது. மாற்றிக்கொள்ள வங்கிகள் இருந்தன, உண்மை. மூன்றாம் கேள்விக்கு விடை இருந்தது. ஆயினும் அந்த விடையைப் பெற, நாட்கூலிக்காரன் கூலியை இழந்து வரிசையில் நின்றான். 2023 சனவரி 2ஆம் நாள் உச்சநீதிமன்றம், நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், அச்செயல் செல்லும் என்றது. மாறுபட்ட ஒருவரான நீதிபதி நாகரத்னா, இத்தகைய செயலை நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே செய்திருக்க வேண்டும் என்றார். சட்டப்படி செல்லும் என்பது தீர்ப்பு. வாக்குக் கொடுத்தவன் வாக்கை மாற்றும்போது, வாங்கியவனைக் கேட்கவேண்டாவா என்பது அறத்தின் கேள்வி. அந்தக் கேள்வி எந்தத் தீர்ப்பாலும் அடங்காது.

இனி வரும் காலத்தில் காசு தகடாகவும் இராது, தாளாகவும் இராது. கணிப்பொறிக்குள் பிறக்கும் பணங்கள் பெருகிவிட்டன. எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும் என்ற உறுதியோடு 'டெர்ரா' கூட்டத்தார் வெளியிட்ட பணம், 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் சரிந்து மண்ணாயிற்று. "அரசின் பிடியிலிருந்து விடுதலை" என்ற அதே பாட்டுத்தான் இங்கும் பாடப்பட்டது. கேட்டவர் பலர் இளைஞர். பணத்தை இழந்தபின், போய்க் கதவைத் தட்டத் திண்ணைகூட அவர்களுக்கு இல்லை.

ஆகவே, தோழர்களே, அரசின் முத்திரையைக் கண்டதும் அடிபணியவும் வேண்டா. அரசை எதிர்க்கிறேன் என்று ஒருவன் வெள்ளியைக் காட்டியதும் ஆரவாரிக்கவும் வேண்டா. கோட்டையிலிருந்து வந்தாலும், கம்பெனியிலிருந்து வந்தாலும், கணிப்பொறியிலிருந்து வந்தாலும், உங்கள் உழைப்புக்கு விலையாக ஒன்று நீட்டப்படும்போது மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அறிந்து வாங்குகிறேனா? மறுக்க முடியுமா? திரும்பக் கேட்க இடம் உண்டா? கேட்கத் தெரியாதவர்க்காக, கேட்க அஞ்சுகிறவர்க்காக, கூலிச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாசலில் தயங்கி நிற்பவர்க்காக, நீங்களும் சேர்ந்து கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு முகங்கொடுத்து விடை சொல்லும் காசே நாணயம். சொல்ல மறுப்பது, எவர் தலையைத் தாங்கி வந்தாலும், வெறும் தகடு!